லட்ச ரூபாய் மானிட்டர்: பெட்டியில் போடாத விவரங்கள்

ப்ளஸ் டூ முடித்த மகன், கல்லூரியில் சேர்ந்த மகள், முதல் போனஸ் வாங்கிய தம்பி... வீட்டில் யாராவது ஒருவர் 'கேமிங் மானிட்டர்' என்று பேச்செடுத்தால் அடுத்த கேள்வி விலைதான். 'ஒரு லட்சம்' என்று பதில் வந்ததும், 'அந்தக் காசுக்கு ஹாலில் மாட்ட பெரிய டி.வி.யே வாங்கலாமேடா' என்பார் அப்பா. 'டி.வி. வேற, இது வேறப்பா' என்பான் பையன். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இந்த வாரம் அந்தப் பஞ்சாயத்துதான்.

முதலில் பையன் கட்சி. டி.வி.யை எட்டடி தள்ளி சோபாவில் உட்கார்ந்து பார்க்கிறோம். மானிட்டரை இரண்டடியில் வைத்து, கையில் மவுஸோடு பார்க்கிறோம். மவுஸை நகர்த்தியதும் திரையில் துப்பாக்கி திரும்ப வேண்டும். பல டி.வி.க்கள் வரும் படத்தை மெருகேற்றிவிட்டுத்தான் காட்டும். அந்தச் சின்னத் தாமதம் சீரியல் பார்ப்பவருக்குத் தெரியாது, விளையாடுகிறவருக்குக் கையிலேயே தெரியும். 'கேம் மோடு' போட்டால் குறையும். ஆனாலும் மேஜைமேல் 55 இன்ச்சை வைத்துக்கொண்டு கழுத்தைத் திருப்பித் திருப்பி விளையாடுவது வேலைக்கு ஆகாது.

அடுத்து, ஹெர்ட்ஸ். ஒரு நொடியில் திரை எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதுதான் அது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் 16.7 மில்லி செகண்டு நிற்கும். 144 ஹெர்ட்ஸில் 6.9. இந்தத் தாவலில் மிச்சமாவது கிட்டத்தட்ட 10 மில்லி செகண்டு. கேமே விளையாடாத ஒருவரை உட்காரவைத்து மவுஸ் அம்பைச் சுற்றச் சொன்னாலும் வித்தியாசம் தெரிந்துவிடும். ஆனால் 144-லிருந்து 240-க்குப் போனால் மிச்சம் 3 மில்லி செகண்டுக்கும் குறைவு. 240-லிருந்து 360-க்குப் போனால் 1.4 மட்டுமே. விலையோ ஒவ்வொரு படிக்கும் எகிறிக்கொண்டே போகும். போட்டிகளில் ஆடுகிறவருக்கு அந்த 1.4-ம் தேவைப்படலாம். சனி, ஞாயிறு நண்பர்களோடு ஆடுகிறவருக்குப் பணம் இங்கே வீண்.

இப்போது லட்ச ரூபாய் ரகத்துக்கு வருவோம். பொதுவாகப் பேசுவதைவிட ஒரு மாடலை எடுத்துப் பிரித்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். 2022-ல் டெல் நிறுவனம் தன் ஏலியன்வேர் பிராண்டில் 34 இன்ச் வளைந்த மானிட்டர் ஒன்றைக் கொண்டுவந்தது. பெயர் ஏடபிள்யூ3423டிடபிள்யூ. மானிட்டர்களுக்குப் பெயர் வைப்பவர்கள் எல்லாம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வேலை பார்த்தவர்கள் போலிருக்கிறது. 'க்யூடி-ஓலெட்' என்ற புதுவகைத் திரையோடு விற்பனைக்கு வந்த முதல் கேமிங் மானிட்டர் இது. அமெரிக்காவில் 1,299 டாலர். அன்றைய கணக்கில் நம் ஊர்க் காசுக்கு ஏறக்குறைய 1 லட்சம். வந்த கையோடு, விமர்சகர்கள் மற்ற மானிட்டர்களை அளக்கும் அளவுகோலாகவே மாறிப்போனது. இப்போது இதைவிடப் புதிய மாடல்கள் நிறைய வந்துவிட்டன. ஆனாலும் உயர்ரக மானிட்டரின் நல்லதும் கெட்டதும் இதில்போல வேறெதிலும் தெளிவாகத் தெரியாது.

இதன் சிறப்பு கறுப்பு நிறம். சாதாரண எல்சிடி மானிட்டரில் திரைக்குப் பின்னால் எப்போதும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். கறுப்பு காட்ட வேண்டிய இடத்திலும் அந்த வெளிச்சம் கொஞ்சம் கசியும். ஐபிஎஸ் வகைத் திரைகளில் வெள்ளைக்கும் கறுப்புக்குமான வித்தியாசம் சுமார் 1,000 மடங்கு, விஏ வகையில் 3,000 மடங்கு அளவில் இருக்கும். அதனால்தான் கேமில் நள்ளிரவுக் காட்சி வந்தால் கறுப்பு, சாம்பல் பூசினாற்போல் தெரிகிறது. ஓலெட்டில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது, தானே அணைகிறது. அணைந்தால் முழு இருட்டு. பக்கத்திலேயே ஒரு நெருப்புப் பொறி பறந்தால் அது மட்டும் சுடர்விடும். நிறம் மாறும் வேகமும் அப்படித்தான். வேகமாக ஓடும் உருவத்தின் பின்னால் வால்போல் நீளும் நிழல் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இருட்டு அறையில் இதை ஒருமுறை பார்த்துவிட்ட பிறகு பழைய மானிட்டருக்குத் திரும்ப மனசு வராது.

'இருட்டு அறையில்' என்று சொன்னேன். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்தத் திரையில், எல்சிடி மானிட்டர்களில் இருப்பது போன்ற போலரைசர் படலம் கிடையாது. அதனால் அறை வெளிச்சம் திரையில் பட்டதும், கறுப்பு இருக்க வேண்டிய இடம் லேசாகச் சாம்பலும் ஊதாவுமாக வெளுத்துவிடும். ஆக, எந்தக் கறுப்புக்காக லட்சம் கொடுத்தோமோ, டியூப் லைட்டைப் போட்டதும் முதலில் காணாமல் போவது அதுதான். முழுத்திரையும் வெள்ளையாக இருக்கும்போது இதன் வெளிச்சம் 250 நிட்ஸ் அளவுதான். திரையில் சின்ன இடம் மட்டும் மின்னும்போது 1,000 வரை போகும். பெட்டியில் கொட்டை எழுத்தில் வருவது அந்த 1,000. ஜன்னலுக்கு எதிரே மேஜை போட்டு, மதியம் இரண்டு மணிக்கு விளையாடும் பையனுக்கு அந்த 1,000-ம் உதவாது, அந்தக் கறுப்பும் உதவாது. நம் வீடுகளில் பலவற்றில் ஹாலும் படிப்பறையும் பையனின் கேமிங் ரூமும் ஒன்றேதான். அங்கே நல்ல ஐபிஎஸ் மானிட்டர் இதைவிடப் பாதி விலையில் நிம்மதியாக வேலை செய்யும்.

இரண்டாவது, எழுத்து. 'காலேஜ் புராஜெக்ட்டும் இதில்தான் செய்வேன்' என்று பிள்ளைகள் சொல்வார்கள். அதைச் சொல்லித்தான் பாதி வீடுகளில் அனுமதியே கிடைக்கிறது. சாதாரணத் திரையில் ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரே வரிசையில் நிற்கும். இந்தத் திரையில் அவை முக்கோணமாக நிற்கின்றன. பச்சை மேலே, மற்ற இரண்டும் கீழே. விண்டோஸ் எழுத்துகளைத் தீட்டும் முறை இந்த அமைப்புக்குப் பழக்கப்பட்டதல்ல. அதனால் எழுத்தின் மேல்விளிம்பில் பச்சையும் கீழ்விளிம்பில் இளஞ்சிவப்பும் மெல்லிய கோடாகத் தெரியும். கேமில் கண்ணுக்கே படாது. எட்டு மணி நேரம் எக்செல்லும் கோடிங்கும் பார்க்கிறவருக்கு உறுத்தலாம், சிலர் கவனிக்கவே மாட்டார்கள். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, நேரில் உட்கார்ந்து படித்துப் பார்த்தால்தான் உண்டு.

மூன்றாவது, 'பர்ன்-இன்'. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், எதுவும் எரியாது. ஓலெட் திரையில் ஒளி தரும் பொருள் பயன்படப் பயன்படக் கொஞ்சம் மங்கும். எல்லா இடமும் சமமாக மங்கினால் நமக்குத் தெரியாது. ஆனால் விண்டோஸ் டாஸ்க்பார் தினமும் அதே இடத்தில் நிற்கிறது. கேமின் மூலையில் வரைபடம் அதே இடத்தில் நிற்கிறது. அந்த இடம் மட்டும் கூடுதலாகத் தேய்ந்து, பல மாதங்களோ வருடங்களோ கழித்துத் தழும்புபோல் நின்றுவிடலாம். டாஸ்க்பாரை மறைத்துவையுங்கள். ஐந்து நிமிடம் தொடாவிட்டால் திரை தானே அணையும்படி அமையுங்கள். டெல் இந்த மாடலை அறிமுகம் செய்தபோது பர்ன்-இன்னுக்கும் சேர்த்தே 3 வருட வாரண்டி அறிவித்தது. எல்லா நிறுவனமும் அப்படித் தருவதில்லை. நீங்கள் பார்க்கும் மாடலின் இந்திய வாரண்டித் தாளில் அந்தச் சொல் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். கடைக்காரர் வாய்மொழியாகச் சொல்வது கணக்கில் வராது.

இதில் நம் வீட்டுப் பழக்கம் ஒன்றும் குறுக்கே வரும். பல மணி நேரம் ஓடிய பிறகு, ஓலெட் மானிட்டர் காத்திருப்பு நிலைக்குப் போகும்போது, தன்னைத்தானே சரிபார்த்துத் தேய்மானத்தை ஈடுகட்டிக்கொள்ளும். அதற்குச் சில நிமிடங்கள் மின்சாரம் வேண்டும். நாமோ படுக்கப் போகும் முன் ஒவ்வொரு பிளக் சுவிட்சாகத் தட்டி அணைப்பவர்கள். ஃபேனுக்கும் சார்ஜருக்கும் அது நல்ல பழக்கம். இந்த மானிட்டரின் சுவிட்சை மட்டும் விட்டுவைக்கச் சொல்லி வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

இன்னொன்று, உள்ளே குட்டி விசிறி இருக்கிறது. அமைதியான அறையில் காதில் விழும். நம் சீலிங் ஃபேன் சத்தத்தில் அதை யார் கேட்கப்போகிறார்கள்!

இதெல்லாம் திரையைப் பற்றியது. மானிட்டரைவிட முக்கியமானது மேஜைக்குக் கீழே இருக்கிறது. சாதாரண ஃபுல் எச்டி திரையில் இருப்பவை சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். இந்த அகலத்திரையில் 49.5 லட்சம். 4கே என்றால் 83 லட்சம். இத்தனையையும் நொடிக்கு நூறு தடவைக்குமேல் வரைந்து கொடுக்க வேண்டியது கம்ப்யூட்டரில் உள்ள கிராபிக்ஸ் கார்டு. மானிட்டர் 175 ஹெர்ட்ஸ் என்றாலும் கார்டு 50 படம்தான் தருகிறது என்றால் கண்ணில் தெரிவதும் 50 மட்டுமே. ஐந்து வருடப் பழைய கார்டோடு இந்த மானிட்டரை இணைப்பது, மொபெட் இன்ஜினை லாரியில் மாட்டுவதுபோல. பிறகு புது கார்டு, அதற்குத் தாங்கும் பவர் சப்ளை என்று லட்சம் இரண்டாகும். அப்பாவின் நியாயம் இங்கேதான் பலமாக நிற்கிறது.

கார்டு தெம்பாக இருந்தாலும் கேம் ஒத்துழைக்க வேண்டும். 'எல்டன் ரிங்' அருமையான கேம். ஆனால் கம்ப்யூட்டரில் அது வந்தபோதே 60 படத்துக்குமேல் போகாதபடி பூட்டு போட்டிருந்தார்கள். அகலத்திரைக்கும் இடமில்லை, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டைதான். 'வாலரன்ட்' ஆடுகிறவர்களுக்கும் அகலத்திரையால் லாபமில்லை. யாருக்கும் கூடுதலாகத் தெரியக்கூடாது என்று அந்த கேம் வழக்கமான 16:9 வடிவத்தையே வைத்திருக்கிறது. ப்ளேஸ்டேஷன் 5-ஐ இணைத்தாலும் அதே பட்டைகள்தான். எந்த கேமை அதிகம் ஆடுகிறான் என்று பையனிடம் கேட்டுவிட்டு, அது அகலத்திரையில் எப்படி ஓடும் என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். 'சைபர்பங்க் 2077' போன்ற கதைவழி கேம்கள் என்றால் அகலமும் கறுப்பும் சேர்ந்து கொடுக்கும் அனுபவமே தனி.

பெட்டி ஸ்டிக்கர்களில் இரண்டை மட்டும் நம்பாதீர்கள். ஒன்று, 'டிஸ்ப்ளே எச்டிஆர் 400'. ஒளியை இடத்துக்கு இடம் கூட்டிக் குறைக்கும் வசதி இல்லாத எல்சிடிகூட இந்தச் சான்றிதழை வாங்கிவிட முடியும். வாங்கிப்போய் எச்டிஆரைப் போட்டால் படம் வெளுத்துத் தெரிந்தாலும் ஆச்சரியமில்லை. ஓலெட்டுக்கு 'ட்ரூ பிளாக்' என்று தனிப் பிரிவு இருக்கிறது, அது வேறு. இன்னொன்று, '1 மில்லி செகண்டு ரெஸ்பான்ஸ்'. எல்சிடியில் அந்த எண்ணைத் தொட, நிறமாற்றத்தை முடுக்கிவிடும் அமைப்பை உச்சத்தில் வைப்பார்கள். அந்த நிலையில், ஓடும் உருவத்தைச் சுற்றி வெள்ளைப் பேய்போல ஒரு கோடு தோன்றும். யாரும் அப்படி வைத்து விளையாடுவதில்லை.

வாங்கும் முன் ஷோரூமில் மானிட்டரை ஒரு கம்ப்யூட்டரில் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். பிரவுசரில் 'டெஸ்ட் யூஎஃப்ஓ' தளத்தைத் திறந்தால் பறக்கும்தட்டு ஓடும். அது கண்ணுக்குத் தெளிவாக இருக்கிறதா, வால் நீள்கிறதா என்று பார்க்கலாம். டெமோ வீடியோவைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், அது பளபளக்கவென்றே எடுத்த படம். விமர்சனம் பார்ப்பதென்றால் மானிட்டரைத் தாங்களே காசு கொடுத்து வாங்கி, கருவியால் அளக்கும் 'ஆர்டிங்ஸ்' போன்ற தளங்களைப் பாருங்கள்.

என் தீர்ப்பைக் கேட்டால்: திரைச்சீலை போட்டு இருட்டாக்க முடிகிற அறை, ஏற்கெனவே நல்ல கார்டு, கதைவழி கேம்கள், சொந்தச் சம்பளம். இந்த நான்கும் இருந்தால் ஓலெட் வாங்குங்கள், வருத்தப்பட மாட்டீர்கள். அப்போதும் 2022 மாடலைத் தேடிப் போக வேண்டாம். 2024-ல் இதே ஏலியன்வேர் 32 இன்ச், 4கே, 240 ஹெர்ட்ஸ் க்யூடி-ஓலெட்டை 1,199 டாலருக்குக் கொண்டுவந்தது. புள்ளிகள் நெருக்கமாக இருப்பதால் எழுத்து விளிம்புப் பிரச்னை அதில் வெகுவாகக் குறைவு. கல்லூரிப் பையனுக்கு என்றால் 27 இன்ச், 2560க்கு 1440 புள்ளிகள், ஐபிஎஸ், 144 ஹெர்ட்ஸ் அல்லது சற்று மேலே. அது போதும். மிச்சப் பணத்தைக் கார்டில் போடச் சொல்லுங்கள். விளையாட்டில் அதிக வித்தியாசம் தெரியப்போவது அதில்தான்.

எதை வாங்கினாலும் முதல் நாளே சில வேலைகள் உண்டு. சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என்று முழுத்திரையில் ஒவ்வொரு நிறமாகக் காட்டி, செத்துப்போன புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை புள்ளி செத்தால் மாற்றித் தருவார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், திருப்பித் தரும் கெடுவுக்குள் பார்த்துவிடுவது நல்லது. கேபிளையும் கவனியுங்கள். மேலே சொன்ன ஏலியன்வேரில் டிஸ்ப்ளே போர்ட்டில் இணைத்தால்தான் 175 ஹெர்ட்ஸ், எச்டிஎம்ஐயில் 100-தான். கடைசியாக, விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் ரெஃப்ரெஷ் ரேட்டைப் பாருங்கள். பல கம்ப்யூட்டர்களில் புது மானிட்டரை மாட்டிய பிறகும் அது 60-லேயே நின்றிருக்கும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை மாதக்கணக்கில் 60-ல் ஓட்டிக்கொண்டு, 'சூப்பரா இருக்கு' என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் நிறைய பேர். அட்டைப்பெட்டியையும் உள்ளே இருக்கும் தெர்மாகோலையும் கெடு முடியும்வரை பரணில் போட்டுவையுங்கள்.