அட்டப்பாடி முதல் மூணாறு வரை: மருத்துவமனைகளில் சமூகப் பணியாளர் வேண்டும்

கேரளத்தில் உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டு நிறைவதற்குள் இறப்பவை 5. இந்திய அளவில் இந்த எண்ணிக்கை 25. இது 2023ஆம் ஆண்டுக்கான மாதிரிப் பதிவு முறையின் கணக்கு. இதைக் கேரள மக்கள் பெருமையோடு சொல்லிக் கொள்வதில் தவறில்லை. விவசாயிகள் இயக்கமும் தொழிற்சங்கங்களும் பொதுக் கல்வியும் போராடி ஈட்டித் தந்த பெருமை அது. ஆனால் சராசரி என்பது மலைக்கு ஏறாத கணக்கு. பாலக்காடு மாவட்டத்தில், கோவையிலிருந்து ஆனைகட்டி வழியாக எளிதில் சென்றடையக்கூடிய அட்டப்பாடியில், 2013இல் பழங்குடிக் குழந்தைகள் அடுத்தடுத்து மடிந்த செய்தி நாட்டையே உலுக்கியது. ஊர்களில் சமூகச் சமையற்கூடங்கள் திறக்கப்பட்டன. ஊட்டச்சத்து மறுவாழ்வு மையங்கள் வந்தன. கோட்டத்தறை பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனைக்கு நிதி ஒதுக்கப்பட்டது. கருவுற்ற தாய்மாருக்கு மாத உதவித்தொகையும் அறிவிக்கப்பட்டது. இவற்றால் பலன் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆயினும் 2021 நவம்பரில் குழந்தைகள் மீண்டும் தொடர்ச்சியாக இறந்தன. மாநிலச் சுகாதார அமைச்சரே மலையேறிச் செல்ல வேண்டியதாயிற்று.

கட்டிடமும் கருவியும் வந்த பிறகும் எது வராமல் போயிற்று என்பதே நம்முன் உள்ள கேள்வி.

அட்டப்பாடியில் 192 ஊர்கள். இருளர், முடுகர், குறும்பர் என மூன்று பழங்குடி மக்கள். ஆபத்தான பிரசவம் என்றால் கோட்டத்தறையிலிருந்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். மலைப்பாதை இறங்கி மண்ணார்க்காடு வழியாகப் பெரிந்தல்மண்ணைக்கோ திருச்சூருக்கோ போக வேண்டும். இல்லையெனில் எல்லை கடந்து கோவை அரசு மருத்துவமனைக்கு. அனுப்புகிறவர் சீட்டு எழுதுகிறார். ஆம்புலன்ஸ் கிடைத்தால் வண்டி கிளம்புகிறது. அதற்குப் பிறகு நடப்பவை எந்தச் சீட்டிலும் இல்லை. வீட்டில் விட்டுவந்த மற்றக் குழந்தைகளுக்கு யார் சோறாக்குவது? ஆடுகளை யார் பார்ப்பது? உடன் வந்தவர் எங்கே படுப்பார், எதைத் தின்பார்? இரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்று மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ சொல்லப்படுவதை, தமிழுக்கு நெருக்கமான இருள மொழி மட்டுமே அறிந்த தாய் எப்படிப் புரிந்துகொள்வார்? இரண்டு நாள் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் அதிகாலையில் யாரிடமும் சொல்லாமல் அவர் குழந்தையோடு ஊர் திரும்பிவிடுகிறார். பதிவேட்டில் ஒரு வரி ஏறுகிறது: மருத்துவ ஆலோசனையை மீறிச் சென்றார். குழந்தை இறந்தால் அந்த ஒரு வரி மருத்துவமனையைக் காப்பாற்றிவிடும். தாயை மட்டும் அறியாமை கொண்டவராக்கிவிடும்.

அந்தத் தாய் ஏன் போனார் என்று கேட்பதும், அவர் போகாமலிருக்க வேண்டியதைச் செய்வதும் ஒரு தொழில். அதற்கென்று படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களையே மருத்துவ சமூகப் பணியாளர் என்கிறோம். 'சமூக சேவகர்' என்ற சொல்லை நாம் வேண்டுமென்றே தவிர்க்கிறோம். பொன்னாடையும் பழக்கூடையும் வழங்கிப் படமெடுத்துக் கொள்கிறவர்களுக்கு அப்பட்டம் என்றோ போய்விட்டது.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மருத்துவர் ரிச்சர்ட் கேபட், ஓய்வெடு, நன்றாகச் சாப்பிடு என்று காசநோயாளியான தொழிலாளிக்கு எழுதிக் கொடுப்பதன் அபத்தத்தை உணர்ந்து, 1905இல் மருத்துவமனைக்குள் சமூகப் பணியாளரைக் கொண்டுவந்தார். நம் நாட்டில் 1946இல் போர் குழு அறிக்கை மருத்துவமனைகளில் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் தேவை என்று பரிந்துரைத்தது. அதே ஆண்டில் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் முதல் நியமனம் நடந்தது. எண்பது ஆண்டுகளாகியும் இப்பணியிடம் மருத்துவக் கல்லூரிகளின் வாசலைத் தாண்டித் தாலுகா மருத்துவமனைகளுக்குப் பெரும்பாலும் இறங்கி வரவில்லை. வந்த இடங்களிலும் ஒப்பந்த ஊழியராக, காப்பீட்டு அட்டை பதிபவராக, புகார் வந்தால் சமாதானம் பேசுபவராகச் சுருக்கப்பட்டுள்ளது.

மது கொலையை மறக்க முடியுமா? 2018 பிப்ரவரி 22 அன்று, அரிசி திருடினார் என்று குற்றஞ்சாட்டி அட்டப்பாடியில் ஒரு கும்பல் அடித்துக் கொன்ற அந்தப் பழங்குடி இளைஞர், மனநலம் பாதிக்கப்பட்டுக் காட்டில் தனித்து வாழ்ந்தவர். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என அறிவித்தது. கொன்றவர்களுக்குத் தண்டனை கிடைத்தது. பசித்துத் திரிந்த ஒரு மனநோயாளியைத் தேடிச் சென்றிருக்க வேண்டியவர் யார் என்ற கேள்வி நீதிமன்றத்தின் முன் வரவில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவில் மனநல சமூகப் பணியாளர் ஒருவர் இருக்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அவருக்குரிய கல்வித் தகுதியையும் வரையறுத்துள்ளது. சட்டத்தில் இருப்பவர் காட்டோரக் குகை வரை நடந்து போக வேண்டுமானால், மாவட்டத்துக்கு ஒருவர் என்ற கணக்கு போதாது.

இடுக்கி மலையில் நிலைமை வேறு, நோய் ஒன்றுதான். மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, வண்டிப்பெரியாறு பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைப்பவர்களில் பெரும்பாலோர் தமிழர். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், மருத்துவ வசதியை முதலாளியின் கடமையாக்கியது. 300 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள தோட்டத்தில் நல அலுவலரையும் நியமிக்கச் சொன்னது. நிர்வாகத்திடம் சம்பளம் வாங்கும் நல அலுவலர் யாருடைய நலனைப் பார்ப்பார் என்பது லயத்தில் வாழ்கிறவர்களுக்குத் தெரியும். 2015 செப்டம்பரில் பொம்பிளை ஒருமை என்ற பெயரில் பெண் தொழிலாளர்கள் மூணாறு சாலையில் அமர்ந்தது போனஸுக்காக மட்டுமல்ல. முதுகு ஒடியக் கொழுந்து பறிக்கும் உடலுக்கு ஒரு மதிப்புக் கேட்டும்தான். தொழிற்சங்கங்களும் அன்று தலைகுனிந்து கேட்க வேண்டியிருந்தது. இப்போது அந்த 1951ஆம் ஆண்டுச் சட்டமே ஒன்றிய அரசின் தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் கரைக்கப்பட்டுவிட்டது.

பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு லயங்கள் மண்ணில் புதைந்து 70 பேர் மாண்டனர். அவர்களில் பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டக் கயத்தாறு. இழப்பீடும் மாற்று வீடும் பேசப்பட்டன. ஒரே இரவில் குடும்பத்தை முழுவதுமாக இழந்தவர் அடுத்த மழைக்காலத்தில் எப்படித் தூங்குகிறார் என்று கேட்பதும் பொதுச் சுகாதாரத்தின் வேலைதான்.

இன்னொரு சிக்கல் எல்லைக்கே உரியது. குமுளி, வண்டிப்பெரியாறு தொழிலாளிக்குக் கோட்டயத்தைவிடத் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகில், மொழியும் சொந்தமொழி. கையில் இருப்பதோ கேரளக் குடும்ப அட்டை. அங்கே காருண்யா திட்டம். இங்கே முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். இரண்டும் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டவை. எந்த மாநிலத்திலும் செல்லும் என்று விளம்பரம் சொல்கிறது. எந்தக் கவுன்ட்டரில் எந்தத் தாளை நீட்டினால் அது உண்மையிலேயே செல்லும் என்று சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாத இடத்தில் தரகரும் கந்துவட்டிக்காரரும் நிற்கிறார்கள்.

ஒரு மறுப்பை நாம் எதிர்கொள்ள வேண்டும். நிலத்தைப் பறித்துவிட்டு ஆறுதல் சொல்ல ஆள் போடுவது ஏமாற்று வேலை அல்லவா என்று நம் தோழர்களே கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1951இல் அட்டப்பாடியில் பத்துப் பேரில் ஒன்பது பேர் பழங்குடியினர். இன்று அவர்கள் சொந்த மண்ணில் சிறுபான்மையினர். பறிபோன நிலத்தை மீட்டுத்தர 1975இல் வந்த சட்டம் கிடப்பில் கிடந்தது. 1999இல் வந்த சட்டமோ இரண்டு ஹெக்டேர் வரை கைப்பற்றியவரிடமே விட்டுவிட்டது. இரு முன்னணிகளும் இதற்குப் பொறுப்பு. ராகியும் சாமையும் துவரையும் விளைந்த காடு போன பிறகு வந்ததுதான் தாயின் இரத்தசோகை. சமூகப் பணியாளர் நிலத்துக்கு ஈடாக மாட்டார். ஆனால் இந்த நோய் நிலத்தில் தொடங்கியது என்று நோயாளியின் ஏட்டில் எழுத மருத்துவமனைக்குள் ஒருவர் வேண்டும். 1848இல் மேல் சிலேசியாவின் டைபஸ் கொள்ளைநோயை ஆராயச் சென்ற ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோ, போலிஷ் மொழி பேசிய அந்த ஏழை மக்களுக்கு எழுதிய மருந்து ஜனநாயகமும் கல்வியும் தாய்மொழி உரிமையும்தான். அப்படிப்பட்ட ஏடுகள் சேரும்போது அவை போராட்டத்துக்குச் சான்றாகும்.

இந்த வேலையையும் ஆஷா ஊழியர் தலையிலோ பழங்குடி புரமோட்டர் தலையிலோ கட்டிவிடலாம் என்று ஆட்சியாளர்கள் நினைக்கக் கூடாது. மதிப்பூதியம் என்ற பெயரில் கூலியை மறுப்பதை எதிர்த்து 2025 பிப்ரவரி 10 முதல் கேரள ஆஷா ஊழியர்கள் தலைமைச் செயலக வாசலில் மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் அமர்ந்தார்கள். கடைசியில் கிடைத்த உயர்வு மாதம் ஆயிரம் ரூபாய். அதே சுரண்டலுக்கு இன்னொரு பெயர்ப்பலகை வேண்டாம்.

கோட்டத்தறை, அகளி, அடிமாலி, பீர்மேடு அரசு மருத்துவமனைகளில் மருத்துவ சமூகப் பணியாளர் பணியிடங்களைக் கேரள அரசு நிரந்தர அடிப்படையில், ஊதிய விகிதத்தோடு உருவாக்க வேண்டும். நியமனத்தில் இருளம், குறும்பம், முதுவான் மொழி, தமிழ் அறிந்தவர்களுக்கு, குறிப்பாகப் படித்த பழங்குடி, தோட்டத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை வேண்டும். கோவை, தேனி மருத்துவமனைகளில் எல்லை கடந்து வரும் நோயாளிகளுக்கென ஒரு மேசையைத் தமிழ்நாடு அரசு திறக்கட்டும். மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படும் ஒவ்வொரு தாயின் பெயரும் மலையிலுள்ள பணியாளரிடமிருந்து சமவெளியிலுள்ள பணியாளருக்கு அன்றே போய்ச் சேரட்டும். எல்லை மாவட்டங்களில் உள்ள நமது கட்சிக் கிளைகளும் தொழிற்சங்கங்களும் அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன்பாக இக்கோரிக்கைகளை ஊர்க் கூட்டங்களிலும் லயங்களிலும் விவாதித்து, கையெழுத்து பெற்று, இரு மாநிலச் சுகாதார அமைச்சர்களிடமும் சேர்க்க வேண்டும்.