வீக்கம் வடிந்த பின்னும் நிற்கும் வலி

சங்கங்களின் கமிட்டிக் கூட்டங்களில் அடிக்கடி எழும் பேச்சு ஒன்றுண்டு. நெசவாளர் ஒருவர் மணிக்கட்டு வலியென்று சொல்லிப் பாவை முடித்துத் தரக் கெடு கேட்கிறார். “கையைக் காட்டுங்கள், பார்ப்போம்” என்கின்றனர். வீக்கமில்லை, சிவப்புமில்லை. “போன மாதமே வற்றிவிட்டதே, இன்னும் என்ன வலி?” என்று மனுவைத் தள்ளிவிடுகின்றனர். நடவுக்கும் களையெடுப்புக்கும் நாள் முழுதும் குனிந்து நின்ற பெண்களின் இடுப்பு வலிக்கும் இதே தீர்ப்புத்தான். இது நியாயமன்று என்பதே நமது அபிப்பிராயம். கண்ணுக்குத் தெரியாத வலியெல்லாம் சாக்குப்போக்கு என்று கருதுவதற்கு விஞ்ஞானம் இடம் தரவில்லை.

ஓயாது உழைத்த மூட்டில் அழற்சி கண்டால், அங்கே பிராஸ்டாகிளாண்டின் முதலிய பொருள்கள் சுரந்து நரம்பு முனைகளைக் கூர்மையாக்குகின்றன. அப்பொருள் உண்டாவதைத் தடுத்தே ஆஸ்பிரின் வலியைத் தணிக்கிறது என்று 1971-இல் ஜான் வேன் என்பவர் காட்டினார். 1982-இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் அவரும் ஒருவர். இதுவரை கதை மூட்டோடு நிற்கிறது. ஆனால் வலி மூட்டோடு நிற்பதில்லை.

வலி நரம்புகள் முதுகுத் தண்டின் பின்பகுதியில் அடுத்த நரம்பணுவிடம் செய்தியை ஒப்படைக்கின்றன. செய்தியைக் கொண்டு செல்லும் பொருள்களுள் முக்கியமானது குளுடமேட். அதைப் பெறும் வாயில்களில் ஒரு வகையைச் சாதாரண காலத்தில் மக்னீசியம் அடைத்துக்கொண்டிருக்கும். வலிச் செய்தி விடாமல் வந்துகொண்டேயிருந்தால் அடைப்பு விலகுகிறது. மதகுப் பலகையைத் தூக்கியதும் நீர் பாய்வதுபோல் கால்சியம் உள்ளே பாய்கிறது. அதன்பின் அந்த அணு பழைய அணுவன்று. சிறு தூண்டுதலுக்கும் பெரிதாக விழித்தெழும். மெல்லத் தொட்டாலே வலிக்கும். காயத்துக்குப் பின் வரும் வலியில் முதுகுத் தண்டுக்கும் பங்குண்டு என்பதை 1983-இல் லண்டனில் கிளிஃபர்ட் வூல்ஃப் எலிகளிடம் சோதித்துக் காட்டினார்.

அவரும் சகாக்களும் 2001-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் கவனிக்கத்தக்கது. எலியின் பாதத்தில்தான் அழற்சியை உண்டாக்கினர். ஆயினும் பிராஸ்டாகிளாண்டினை ஆக்கும் நொதி முதுகுத் தண்டிலும் பெருகியது. அதைத் தூண்டியது இண்டர்லூக்கின்-1பீட்டா என்னும் செய்திப் பொருள். நோய் காலில், தீ வளர்ந்தது முதுகில்!

நரம்பணுக்களுக்கு இடையே வேறு அணுக்களும் உண்டு. மைக்ரோகிளியா என்று 1919-இல் ஸ்பெயின் நாட்டு ரியோ ஹோர்டேகா பெயரிட்டவை அவற்றுள் ஒருவகை. நரம்பணுக்களைத் தாங்கி நிற்பதைத் தவிர இத்துணை அணுக்களுக்குப் பெரிய வேலையில்லை என்றே நெடுங்காலம் கருதினர். வலி நீடிக்கும்போது இவையும் விழித்துக்கொண்டு, நரம்பணுக்களை அடங்கவிடாத பொருள்களைச் சுரக்கின்றன என்பது இப்போது தெரிந்திருக்கிறது. சுண்டெலிகளில் இந்த அணுக்களை அடக்கியபோது ஆண் எலிகளின் வலி குறைந்தது, பெண் எலிகளுடையது குறையவில்லை என்று 2015-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறுகிறது. ஆண்களை வைத்தே பெண்களின் வலிக்கு அளவுகோல் செய்யும் வழக்கம் எங்கும் உள்ளதுதான்!

இவற்றுள் பெரும்பகுதி எலிகளிடம் கண்டது. மனிதரின் ஒவ்வொரு வலிக்கும் இதுவே காரணமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் வீக்கம் போனால் வலியும் போயிருக்க வேண்டும் என்ற வாதம் நிற்காது. வலியுண்டு என்று ஒருவர் சொல்வதை மதிக்க வேண்டும் என்றே உலக வலி ஆராய்ச்சிச் சங்கம் 2020-இல் தன் விளக்கத்தில் எழுதிவைத்தது.

“இப்படி இடம் கொடுத்தால் எல்லாரும் கெடு கேட்பார்களே” என்று காரியதரிசிகள் கேட்கலாம். கேட்பவர் சிலர் இருக்கலாம். தறியில் இறங்காத நாளுக்குக் கூலியில்லை என்பதை அறிந்த நெசவாளர், விளையாட்டுக்காகத் தறியை விட்டு எழுவாரா?

அங்கத்தினர்களிடமும் நமக்கு ஒரு குறையுண்டு. ஆரம்பத்தில் வலியைப் பொருட்படுத்தாமல் நாடாவை ஓட்டுவதும், தாங்கமுடியாதபோது கடையில் மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவதும் வழக்கமாகிவிட்டன. அம்மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். வலி சில வாரங்களில் நீங்காவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். முற்றிலும் படுத்துவிடுவதும் பயனில்லை; அவர் சொல்லும் அளவில் அங்கத்தை மெல்ல மெல்ல இயக்கிப் பழக்க வேண்டும்.

கமிட்டிகளுக்கு நாம் வைக்கும் யோசனை இது: கெடு கேட்கும் மனுவுக்கு வீக்கத்தைச் சாட்சியாகக் கேட்கும் வழக்கத்தை வரும் பொதுக்கூட்டத்திலேயே தீர்மானம் போட்டு நீக்குங்கள். வைத்தியர் சீட்டு இருந்தால் போதும். கெடுவுக்குள் முடியாத பாவை வேறொருவருக்கு மாற்றுங்கள். வலியுள்ளவருக்கு, கை தாங்கும் வேறு வேலை சங்கத்தில் இருந்தால் அதைக் கொடுங்கள்.