சுண்டைக்காயும் சுமைகூலியும்

அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் நெடுங்காலம் ஒரு வழக்கம் இருந்தது. காலை உணவுக்கான தானியப் பெட்டி, சூப் டப்பா முதலியவற்றின் மேல் அச்சிட்டிருக்கும் சிறு சீட்டை மாணவர்கள் வீட்டிலேயே கத்தரித்துப் பள்ளிக்குக் கொண்டுவருவர். பள்ளி அவற்றைத் திரட்டி உரிய நிறுவனத்துக்கு அனுப்பும். கேம்பல் சூப் நிறுவனம் 1973-இல் இத்தகைய திட்டமொன்றைத் தொடங்கியது. அதில் சீட்டுகளுக்கு ஈடாகப் பள்ளிக்குப் பொருள்கள் கிடைத்தன. ஜெனரல் மில்ஸ் நிறுவனம் 1996-இல் தொடங்கிய 'பாக்ஸ் டாப்ஸ்' திட்டத்தில் சீட்டு ஒன்றுக்கு 10 சென்ட், அதாவது டாலரில் பத்தில் ஒரு பங்கு, கிடைத்தது.

சீட்டுகள் தாமாகவே பணமாகிவிடுவதில்லை. அவற்றைச் சீராக வெட்டவேண்டும், காலாவதியானவற்றைக் கழிக்கவேண்டும், ஐம்பது ஐம்பதாக எண்ணிப் பையிலிட்டுக் குறித்த நாளுக்குள் அஞ்சலில் சேர்க்கவேண்டும். இவற்றைச் செய்தவர்கள் பெரும்பாலும் ஊதியம் பெறாத பெற்றோர்களே. அவர்களுடைய நேரத்துக்குத் தக்க பயன் கிடைத்ததா என்பதே கேள்வி.

ஆயிரம் சீட்டு சேர்ந்தால் 100 டாலர். பெட்டி ஒன்றின் விலை 3 டாலர் என்று கொண்டால், அந்த 100 டாலருக்காகக் குடும்பங்கள் செலவிட்டது 3,000 டாலர். எஞ்சிய 2,900 கடைக்கும் நிறுவனத்துக்கும் உரியது. அந்நாட்டு நடுவண் அரசு 2009 முதல் விதித்துள்ள குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர். ஆகவே ஒரு மணி நேர உழைப்புக்கு ஈடுகட்டவே 73 சீட்டுகள் வேண்டும். எண்ணுவது மட்டுமே வேலையென்றால் 73 பெரிதன்று. நினைவூட்டுக் கடிதம் எழுதுவது, வகுப்புதோறும் பெட்டி வைப்பது, வெட்டுவது, அனுப்புவது என எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழி நினைவுக்கு வரும்.

இத்திட்டத்தை ஆதரிப்போர் கூறும் நியாயம் ஒன்று உண்டு. எப்படியும் வாங்கும் பொருள்தானே, குப்பைக்குப் போகும் அட்டை பள்ளிக்குப் பயன்படட்டுமே என்பர். நன்கொடை தர இயலாதவரும் ஒரு துண்டு அட்டையைத் தரலாம். குழந்தையும் தன் கையால் பள்ளிக்கு ஒன்றைக் கொடுத்த மகிழ்ச்சியைப் பெறும். இதை எள்ளி நகையாடுவது முறையன்று.

ஆயினும் வசதி குறைந்த குடும்பம் எதை வாங்கும்? விளம்பரம் இல்லாத, விலை மலிந்த பெட்டியையே வாங்கும். அதில் சீட்டு இராது. அதிகம் கொணர்ந்த வகுப்புக்கு ஐஸ்கிரீம் விருந்து என்று போட்டி வைக்கும்போது, வெறுங்கையோடு வந்த குழந்தை தலைகுனிந்து நிற்கும். பணம் அதிகம் தேவைப்படும் பள்ளிக்கே சீட்டு குறைவாகச் சேரும். நம் நகரங்களில் பழைய செய்தித்தாள்களைத் திரட்டி எடைக்குப் போட்டு நிதி சேர்ப்பதில் இக்குறை இல்லை. எந்த நாளிதழையும் எடைக்கு எடுத்துக்கொள்வர். புதிதாக எதையும் வாங்கச் சொல்வாரும் இல்லை.

பள்ளிக்கென ஒரு மாலைப்பொழுதை ஒதுக்க முன்வரும் தாயையோ தந்தையையோ கத்தரிக்கோலோடு உட்காரவைப்பது வீண். எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் நான்கு பிள்ளைகளுக்கு அருகில் அவரை அமர்த்தலாம். நூலகத்தில் கிழிந்த புத்தகங்களை ஒட்டித் தரச் சொல்லலாம். அந்த வேலைக்கு 10 சென்ட் தர எந்த நிறுவனமும் வராது. பள்ளிக்கு வேண்டியது அதுவே.

கேம்பல் நிறுவனம் தன் திட்டத்தை முடிப்பதாக 2016-இல் அறிவித்தது. பாக்ஸ் டாப்ஸ் 2019-இல் கைப்பேசிக்கு மாறியது. கடை ரசீதைப் படம்பிடித்து அனுப்பினால் போதும். வெட்டும் வேலையும் எண்ணும் வேலையும் ஒழிந்தன என்பது நல்லதே. ஆனால் முன்பு சீட்டு மட்டுமே நிறுவனத்துக்குச் சென்றது. இப்போது அன்று அக்குடும்பம் வாங்கிய அத்தனை பொருள்களின் பட்டியலும் செல்கிறது. பள்ளிக்குக் கிடைப்பது அதே 10 சென்ட்.