எரியாத புகையிலை

சுவீடன் ஆண்களில் பலர் சிகரெட் பற்றவைப்பதில்லை. குட்டித் தேயிலைப் பை போன்ற ‘ஸ்னூஸ்’ புகையிலைப் பொட்டலத்தை மேலுதட்டுக்குள் அதக்கிக்கொள்கிறார்கள். 1992இல் ஐரோப்பியக் கூட்டமைப்பு இதன் விற்பனையைத் தடைசெய்தது. 1995இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது சுவீடன் விதிவிலக்கு கேட்டு வாங்கியது. இன்று அந்த ஒன்றியத்திலேயே புகைபிடிப்போர் மிகக் குறைவான நாடு அதுதான். ஆண்களின் நுரையீரல் புற்றுநோய்ச் சாவும் அங்கேதான் குறைவு.

அடிமையாக்குவது நிக்கோட்டின். ஆனால் ஆளைக் கொல்வது, பெரும்பாலும், புகையிலை எரியும்போது கிளம்பும் தாரும் கார்பன் மோனாக்சைடும் மற்ற நச்சுகளும்தான். அடியோடு விட முடியாதவர் புகையை மட்டுமாவது விட்டால் லாபமே.

இதைச் சாக்காக வைத்து யாரும் குட்கா, கைனி பக்கம் திரும்பிவிட வேண்டாம். அவை வாய்ப் புற்றுநோய்க்கு நேர்வழி. ஸ்னூஸ் வெப்பத்தில் பதப்படுத்தப்படுவதால் அதில் நைட்ரோசமைன் நச்சு குறைவு. குறைவுதான், இல்லாமலில்லை.

இந்தியா 2019இல் மின் சிகரெட்டைத் தடைசெய்தது. பீடியும் சிகரெட்டும் பெட்டிக்கடைகளில் தாராளமாக விற்கின்றன! நிக்கோட்டின் மாற்று சிகிச்சை 2022ஆம் ஆண்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறிவிட்டது. அந்தச் சிகிச்சைக்கான நிக்கோட்டின் சூயிங்கம்மை ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும், பீடி பிடிக்கும் கூலித் தொழிலாளியின் கைக்கு, இலவசமாகக் கிடைக்கச் செய்ய வேண்டும்.