இடையில் நின்றது முடிந்துபோனதன்று

தொடங்கிய பணி பாதியில் தடைபட்டால் எரிச்சலும் சோர்வும் எழுவது இயல்பு, அது குணக்கேடன்று. விட்டதைத் தொடரும் நாட்டமும் அவ்வாறே இயல்பானது. 1920களில் பெர்லினில் மரியா ஓவ்சியாங்கினா என்னும் உளவியலாளர், சிறு பணிகளை இடையில் நிறுத்தச் செய்து ஆராய்ந்தார். வாய்ப்புக் கிடைத்ததும் பெரும்பாலோர் யாரும் சொல்லாமலே அப்பணிக்குத் திரும்பினர்.

மருத்துவத்தில் மட்டும் இத்திரும்புதல் கடினமாவதேன்? அச்சமும் நாணமும் குறுக்கே நிற்பதே காரணம் எனக் கருதுகிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலூருக்கோ சிதம்பரத்திற்கோ வர இயலாமல் மருந்து தீர்ந்துபோகலாம். பிறகு, "மருத்துவர் கடிந்துகொள்வாரோ" என்ற தயக்கத்தில் நாள்கள் வாரங்களாகின்றன. காசநோய்க்குப் பொதுவாக ஆறு மாதச் சிகிச்சை தேவை. இடையில் நிறுத்தினால் கிருமிகள் மருந்துக்குக் கட்டுப்படாத நிலை உருவாகக்கூடும்.

ஆகவே, மருந்து விட்டுப்போயிருந்தால் தாமதியாமல் வாருங்கள். எஞ்சிய மாத்திரைகளைக் கொண்டுவந்து, விட்ட நாள்களை மறையாது கூறுங்கள். விட்டவற்றைச் சேர்த்து ஒரே வேளையில் உட்கொள்ள வேண்டா.

உடனிருந்து பேணுவோர், "ஏன் விட்டாய்?" என்பதினும் "நாளைக்கே போவோமா?" எனக் கேட்பது நன்று. அவர்கள் மாத்திரைகளைப் பிரித்து வைக்கும்போது பிறர் பேச்சுக் கொடுத்தலும் ஆகாது. எண்ணுகையில் தடைபட்டால் முதலிலிருந்தே எண்ணுக.

2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயலில் பண்ருட்டிப் பகுதி முந்திரித் தோப்புகள் சாய்ந்தன. உழவர்கள் மீண்டும் கன்று நட்டனர். சிகிச்சையையும் அவ்வாறே தொடரலாம்.