பிரேக்கைத் தொடாதீங்க

போன லீவுக்கு ஊருக்குப் போகும்போது பசறைப் பக்கம் ஒரு வளைவில் நாங்கள் ஏறியிருந்த ஆட்டோவின் பின் டயர் 'டமார்' என்று வெடித்தது. வண்டி பள்ளத்துப் பக்கம் இழுத்தது. உள்ளே இருந்த அஞ்சு பேரும் ஒரே குரலில் கத்தினோம்: "பிரேக் அடிங்கண்ணே!"

அவர் அடிக்கவில்லை. நல்லவேளை.

டயர் போன பக்கம் வண்டி ஏற்கனவே இழுபடுது. அந்த நேரம் பிரேக்கை ஓங்கி மிதிச்சா இழுவை கூடும், வண்டி சுழலும், பிரளும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடிச்சு வண்டியை நேரா வச்சிருக்கணும். எக்ஸிலேட்டரை மெதுவா விடணும். வேகம் குறைஞ்ச பிறகுதான் கியரைக் குறைச்சு, பிரேக்கை லேசா தொடணும். வளைவில் நிறுத்தக் கூடாது. ரிம் நசுங்கினாலும் பரவாயில்லை, அகலமான இடம் வரை உருட்டணும். நிறுத்தியதும் சக்கரத்துக்குக் கல் வைக்கணும், ஆட்களை மலைப் பக்கம் இறக்கணும், வருகிற வண்டிக்குத் தெரிய பின்னால் தள்ளிப் பச்சைக் கிளை போடணும்.

ஆனா டிரைவரின் நிதானத்தை மட்டும் நம்பி எத்தனை நாள் போறது? 2021 மார்ச் 20இல் பசறை 13ஆம் கட்டையில் பஸ் கவிழ்ந்ததே, அது டயரால் இல்லை. ஆனால் மலையிலிருந்து விழுந்த பாறை அங்கே பாதையை அடைத்துக்கொண்டு கிடந்தது. 2025 செப்டம்பர் 4இல் எல்ல - வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் போனார்கள். நம்ம பாதைகளில் ஒரு சின்னப் பிழைக்குக்கூட இடம் இல்லை. சமதரையில் வயலுக்குள் இறங்கி நிற்கிற வண்டி, இங்கே பள்ளத்துக்குத்தான் போகும்.

அன்றைக்கு அந்த டயரைப் பார்த்தேன். வரியே இல்லை, வழுக்கை. "அடுத்த மாசம் மாத்தலாம்னு இருந்தேன் தங்கச்சி" என்றார் அண்ணன். 2022க்குப் பிறகு டயர் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். மூணு பேர் போகிற ஆட்டோவில் நாங்கள் அஞ்சு பேர் ஏறியதும் ஆசைக்கு இல்லை. அடுத்த பஸ் எப்போ வரும் என்று யாருக்கும் தெரியாது.

அதனால் அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. தோட்டத்துக்கு நேரத்துக்கு பஸ் வேணும், வளைவுகளில் பாதுகாப்பு வேலி வேணும், விழுந்த பாறையை அன்றைக்கே அகற்றணும். இதையெல்லாம் சத்தமா கேட்போம். அதுவரை ஏறும் முன் டயரை ஒருதரம் பாருங்க. வெடிச்சா, தயவுசெய்து "பிரேக் அடி"ன்னு மட்டும் கத்தாதீங்க.