புகையானுக்கு வரப்பு தெரியாது

கதிர் வரும் நேரத்தில் சம்பா வயலின் நடுவே வட்ட வட்டமாகப் பயிர் தீய்ந்து நின்றால், புகையான் பூச்சி இறங்கிவிட்டது என்று டெல்டாவில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. உடனே மருந்துக் கடைக்கு ஓடுவார்கள். கடன் வாங்கி நட்டவரின் பதற்றம் அது. குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் பயிர் தன்னைக் காத்துக்கொள்ள என்ன செய்கிறது, அதை நாம் எப்படியெல்லாம் கெடுக்கிறோம் என்பது ஊருக்கே தெரிந்திருக்க வேண்டும்.

இலைச்சுருட்டுப் புழு கடித்த சிறிது நேரத்திலேயே இலையில் ஜாஸ்மோனிக் அமிலம் என்ற ஹார்மோன் பெருகுகிறது. இதன் நெருங்கிய உறவான ஒரு பொருளை 1962-இல் ஜாதிமல்லி எண்ணெயிலிருந்துதான் முதலில் பிரித்தெடுத்தார்கள். இந்த ஹார்மோன் ஏறியதும், புழுவின் செரிமானத்தைக் கெடுக்கும் புரதங்களைப் பயிர் உருவாக்குகிறது. கூடவே காற்றில் ஒரு வாசனையையும் விடுகிறது. ஒட்டுண்ணிக் குளவிகள் அதை மோப்பம் பிடித்து வந்து சேர்கின்றன. உயிருள்ள திசுவை உண்டு வாழும் கிருமிகள் தாக்கினால், பெரும்பாலும் சாலிசிலிக் அமிலம் முன்னே வருகிறது. இவை இரண்டும் பல நேரங்களில் ஒன்றையொன்று அடக்கவும் செய்யும். நெல்லில் ஜாஸ்மோனிக் அமிலம் உருவாக உதவும் ஒரு மரபணுவை முடக்கிப் பார்த்த ஆய்வு 2009-இல் வெளியானது. அந்தப் பயிர் தண்டுத் துளைப்பானுக்கு எளிதாக இரையானது. சாறு உறிஞ்சும் புகையானையோ முன்பைவிட நன்றாகத் தாங்கியது. எல்லாப் பூச்சிக்கும் ஒரே ஊக்கி என்று விற்கப்படும் புட்டிகளை நம்பும் முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தத் தற்காப்புக்குப் பயிர் தன் உணவைச் செலவிடுகிறது. நெருக்கி நட்டு ஒன்றின் நிழல் இன்னொன்றில் விழுந்தால், பல பயிர்கள் உயர்வதற்கே முதலிடம் கொடுத்து ஜாஸ்மோனிக் அமிலத்தின் வேலையைக் குறைத்துக்கொள்கின்றன. யூரியாவை அள்ளிப் போட்டால் பயிர் கரும்பச்சையாகத் தளதளக்கும், புகையானும் பல மடங்கு பெருகும். சிந்தடிக் பைரித்ராய்டு மருந்துகளை அடித்தால் சிலந்தியும் குளவியும் முதலில் சாகின்றன. பயிர் வாசனை விட்டு அழைத்தாலும் வருவதற்கு ஆளில்லை.

இந்தோனேசியா இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. அரசே மானியம் கொடுத்து மருந்தை ஊக்குவித்த நாடு அது. புகையான் அடங்கவில்லை, பெருகியது. 1986 நவம்பரில் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளை அந்நாட்டு அரசு தடைசெய்தது. பிறகு படிப்படியாக மானியத்தையும் நிறுத்தி, வயலிலேயே உழவர்களுக்குப் பள்ளி நடத்தியது. விளைச்சல் குறையவில்லை.

நம்மிடமும் அறிவுக்குப் பஞ்சமில்லை, சேர்ந்து செய்வதுதான் இல்லை. ஒருவர் மட்டும் அளவோடு உரமிட்டு, மருந்தைத் தள்ளிப்போட்டு என்ன பயன்? பக்கத்து வயலில் பெருகிய புகையான் வரப்பைத் தாண்டி வந்துவிடும். அவரைத் தனியாக விட்டுவிட்டு விழிப்புணர்வு பேசுவது நியாயமல்ல. எந்தப் பூச்சி என்று கேட்காமல் மருந்து கொடுப்பதில்லை என்று கடைக்காரர்கள் முடிவெடுக்க வேண்டும். வேளாண்மை அலுவலர் பருவத்துக்கு ஒரு முறையாவது வரப்பில் இறங்கி நடக்க வேண்டும். அவருக்கு அதற்கு நேரம் கிடைக்கும்படி காலிப் பணியிடங்களை அரசு நிரப்ப வேண்டும். சோறு உண்ணும் நகரத்து மக்களும் குறைவாக மருந்து அடித்த நெல்லுக்கு உரிய விலை கொடுக்கத் தயாராக வேண்டும்.

அடுத்த சம்பாவுக்கு நாற்று விடும் முன்பே ஊர் கூடிப் பேசலாம். எட்டு அடிக்கு ஓர் அடி இடைவெளி, அதாவது பட்டம், விட்டு நடுவது, யூரியாவைப் பிரித்து இடுவது, வரப்பில் தட்டைப்பயறு போடுவது என்று முடிவு செய்யலாம். தூருக்கு ஒரு புகையான், சிலந்தி இருந்தால் இரண்டு, அதைத் தாண்டினால் மட்டுமே மருந்து என்பது ஏற்கெனவே உள்ள பரிந்துரை. அதை எண்ணிப் பார்க்க ஊருக்கு நான்கு இளைஞர்கள் போதும். அவர்களுக்குக் கூலியை ஊராட்சி கொடுக்கட்டும்.